எர்த் குழி ஓரத்துக் கறிவேப்பிலை

2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். 5.00-க்கு மனைவியின் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தேன், 93. 5.10-க்கு ஆக்சிஜன் மெசினின் பாட்டிலில் இருந்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, முந்தின நாள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றினேன். 5.30-க்குக் காபி. 6.20-க்குப் பால் வந்தது. முந்தின நாள் மாலையில் தொடங்கிய மழை விடவில்லை.

அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிளக் பாயிண்டுகளைச் சோதிக்கும் நாள். எங்கள் வீட்டில் பதினோரு பாயிண்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையால் எண் எழுதி வைத்திருக்கிறேன். கடல் ஒரு கிலோமீட்டர்தான். உப்பூர்ப் பக்கத்துக் காற்று எதையும் விட்டுவைக்காது. துளைகளுக்குள் இருக்கும் பித்தளையில் மூன்று மாதத்துக்குள் பச்சை பூத்துவிடும். ஆகவே சுவிட்ச் பெட்டியில் இருக்கும் ட்ரிப்பரை இறக்கி, ஒவ்வொரு பாயிண்டின் முகப்பையும் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, திருகுகளை இறுக்கி, மறுபடி மாட்டுவேன். கடைசியாக ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு, அதன் சோதனைப் பொத்தானை அமுக்குவேன். ‘டக்’ என்று விழ வேண்டும். விழுந்தால் நாட்குறிப்பில் ஒரு டிக்.

ட்ரிப்பர் என்று நாங்கள் சொல்வது, மின்சாரம் வழி தவறி ஒரு ஆளின் உடம்புக்குள் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டின் இணைப்பைத் துண்டித்துவிடும் சுவிட்சை. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் மேசையில் கம்பிகளை எடுத்து வைத்து, எடுத்து அடுக்கியவன். இந்தப் பொத்தான் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மனைவிக்கு அது தெரியும்.

“என்னங்க, உங்க பதினோரு புள்ளைகளுக்கும் மூஞ்சி கழுவி விட்டாச்சா?” என்று கட்டிலில் இருந்து கேட்டாள்.

“பத்துக்குத்தான். பதினொண்ணாவது உன் தலமாட்டுல இருக்கு. அத நிறுத்தாம எப்படிக் கழுவுறது?”

“அது செல்லப்புள்ள. அதக் கழுவ வேண்டாம்.”

அந்தப் பதினோராவது பாயிண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு நுரையீரல் சுருங்கும் நோய் என்று சொன்னார்கள். அதற்கடுத்த ஆண்டு முதல் வீட்டில் ஆக்சிஜன் மெசின். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் பத்துப் பதினைந்து நிமிடம் குழாய் இல்லாமல் இருப்பாள். அதற்குமேல் என்றால் உதடு நிறம் மாறிவிடும். 2022 மழைக்காலத்தில் சுவரெல்லாம் நனைந்து, ட்ரிப்பர் ஒரு நாளைக்கு நாலைந்து முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் மெசின் நின்று, நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, அது மறுபடி சரியான காற்றைத் தர நாலைந்து நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களில் அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பாள்.

அப்போதுதான் எங்கள் எலக்ட்ரீசியன் ஒரு வழி சொன்னார். “சார், மெசினுக்கு மட்டும் டைரக்ட் குடுத்துருவோம். ட்ரிப்பருக்கு முன்னாடியே எடுத்துட்டா அது விழுந்தாலும் மெசின் ஓடும்.”

“பாதுகாப்பு?”

“எர்த்து இருக்குல்ல சார். உங்க வீட்டு எர்த்து மாதிரி இந்த ஏரியாவுல யாருக்கு இருக்கு? கோயில் கெணறு மாதிரில்ல பாத்துக்கிறீக.”

உண்மைதான். கசியும் மின்சாரத்தை இறக்கிவிடும் எர்த் கம்பி மண்ணுக்குள் போகும் குழியில் ஈரம் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மண் மாசி பிறந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நான் ஞாயிறுதோறும் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றிவந்தேன். குடிநீர் லாரி வராத வாரத்திலும் நிறுத்தியதில்லை. டைரக்ட் கொடுக்க ஒப்புக்கொண்டேன். ட்ரிப்பர் இல்லாவிட்டாலும் எர்த் இருக்கிறது என்று அன்று நாட்குறிப்பில் எழுதி, அடியில் கோடும் இழுத்திருக்கிறேன்.

நவம்பர் 5-க்கு வருகிறேன். காலை 9.40-க்குப் பொத்தானை அமுக்கினேன். ‘டக்.’ டிக் போட்டேன். பேனாவை மூடும்போது அவள் சொன்னாள்:

“இந்த ஸ்டெபிலைசர் பெட்டி கையச் சுள்ளுனு இழுக்குதுங்க.”

மெசினுக்கும் பாயிண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பெட்டி ஸ்டெபிலைசர் உண்டு. அதன் மேல்தான் அவள் தண்ணீர் டம்ளரை வைப்பாள்.

“எப்ப இருந்து?”

“முந்தாநாள் இருந்து. எறும்பு கடிச்ச மாதிரி.”

“முந்தாநாளே சொல்லக் கூடாதா?”

“மொத ஞாயித்துக்கெழமதான நீங்க டாக்டர் கணக்கா கேஸ் பாக்குற நாளு.”

நான் சிரிக்கவில்லை. எர்த் சரியாக இருந்தால் இரும்புப் பெட்டி சுள்ளென்று இழுக்காது. பரணில் இருந்து டெஸ்ட் லேம்ப்பை இறக்கினேன். ஒரு குண்டு பல்ப், ஒரு ஹோல்டர், இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். மின்சாரம் வரும் துளையில் ஒரு கம்பியையும் மேலே இருக்கும் பெரிய எர்த் துளையில் மற்றதையும் வைத்தால், எர்த் இருக்கும் பாயிண்டில் ட்ரிப்பர் உடனே விழ வேண்டும். பொத்தானைவிட இதுதான் உண்மையான சோதனை. முன்பெல்லாம் இதைத்தான் செய்வேன். மெசின் வந்த பிறகு, ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு தடவை வீடே அணைந்து அவள் மூச்சு முட்டுவாளே என்று விட்டுவிட்டேன். டைரக்ட் கொடுத்த பிறகு மறுபடி தொடங்கியிருக்கலாம். பொத்தான் பழகிவிட்டது.

முதல் பாயிண்டில் வைத்தேன். ட்ரிப்பர் விழவில்லை. பல்ப்பும் எரியவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. பத்தாவது வரை ஒன்றிலும் சத்தம் இல்லை. பதினோராவதில், ஸ்டெபிலைசரின் பிளக்குக்குப் பக்கத்தில் இருந்த காலித் துளைகளில் வைத்தேன். ட்ரிப்பர் காவல் இல்லாத அந்தப் பாயிண்டில் பல்ப் பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை.

வீட்டுக்கு எர்த்தே இல்லை. சோதனைப் பொத்தான் ட்ரிப்பரை மட்டும்தான் சோதிக்கும். மண்ணுக்குப் போகும் கம்பி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆய்வகத்தில் இதைப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். எர்த் குழியில், கம்பி வந்து சேரும் இரும்புக் குழாய் நின்ற இடத்தில் நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில், குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, முழங்கால் உயரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. அதை நான் தினமும் பார்த்தவன்தான். “கறிவேப்பிலை துளிர்த்தது” என்று செப்டம்பரில் எழுதிக்கூட வைத்திருக்கிறேன். அதன் அடியில் கம்பி போகிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

ஜன்னல் வழியாக அவளைக் கேட்டேன். “இந்தக் கன்ன நட்டப்ப எவ்வளவு ஆழம் தோண்டுன?”

மெசின் குழாய் ஏழு மீட்டர். ஜன்னல் வரைக்கும் வரும். வந்து நின்றாள். “ஒரு மொழம். ஆடிப் பதினெட்டுல்ல? களக்கொத்த வச்சுக் கொஞ்சம் கொத்துறது, உள்ள போயிக் குழாய மாட்டிக்கிட்டு உக்கார்றது, இப்படி ஒரு மணி நேரம் ஆச்சு. நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தீக.”

“ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?”

யோசித்தாள். “ஒரு வேரு தட்டுச்சு. செவப்பா, வெரல் தண்டி. கொத்தி விட்டேன்.”

“வேரா? இங்கன எந்த மரம் இருக்கு, வேர் வர?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். கொல்லையில் துணிக்கல்லும் தண்ணீர்த் தொட்டியும் தவிர எதுவும் இல்லை. உப்புத் தண்ணீரில் எதுவும் பிழைத்ததும் இல்லை. அவள் முகம் மெல்ல மாறியதை மழைக்கு ஊடே பார்த்தேன்.

“கம்பியா?” என்றாள்.

துருப்பிடித்த இரும்புக் கம்பியின் மேல் மண் அப்பியிருந்தால் வேர் மாதிரிதான் இருக்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் கமுதிப் பக்கம், மிளகாய் போடும் வீட்டில் பிறந்தவள். ஞாயிறுதோறும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒரு பயிரும் இல்லாத மண்ணுக்குள் போவதை எத்தனையோ ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தவள்.

“இந்த வீட்டுலயே ஈரமா இருக்கது அந்த ஒரு எடந்தாங்க. சும்மா கெடக்கேன்னுதான் வச்சேன்.”

நாட்குறிப்பைப் புரட்டினேன். ஆகஸ்ட் 6, டிக். செப்டம்பர் 3, டிக். அக்டோபர் 1, டிக். இன்னொன்றும் இருந்தது. அக்டோபர் கடைசி வாரத்தில், “இந்த மழைக்கு வாரத்தில் இரண்டு முறைதான் ட்ரிப் ஆகிறது. சுவருக்குப் பூச்சு அடித்தது பலன் தந்திருக்கிறது” என்று எழுதியிருந்தேன். பூச்சு அல்ல. கசியும் மின்சாரம் இறங்கிப்போக வழி இல்லாமல் வீட்டு எர்த் கம்பியிலும் ஸ்டெபிலைசர் பெட்டியிலுமே தங்கியிருக்கிறது. அதன்மேல் அவள் தண்ணீர் டம்ளரை வைத்துவைத்து எடுத்திருக்கிறாள்.

எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார்.

“சார், ராமநாதபுரத்துல ஒரு ஜவுளிக்கடையில தீபாவளிச் சரம் போட்டுக்கிட்டு இருக்கேன். ஏணி மேல நிக்கிறேன், சுருக்கமாச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“என்னது, கருவேப்பிலையா? ஏன் சார், எர்த்தத் தாளிக்கப் போறீகளா?” சிரித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். “மெசின் டைரக்ட்ல ஓடுதா?”

“ஓடுது.”

“அந்தப் பெட்டியத் தொட வேண்டாம்னு அக்காகிட்டச் சொல்லுங்க. மெசின ட்ரிப்பர் பாயிண்டுக்கு மாத்த முடியுமான்னு பாருங்க. இந்த மழையில நான் இப்பக் கெளம்புனாலும் எர்த்துக் குழாயில கம்பியப் பிடிக்கிற கெளாம்பு மாட்ட ஏலாது சார். காலைல வாரேன். ஏழு மணிக்குள்ள வாரேன்.”

மாற்றிப் பார்த்தேன். 11.05-க்கு ஏழாவது பாயிண்டில் இருந்து ஒயர் இழுத்து, மெசினை அதில் போட்டேன். ட்ரிப்பர் காவலில் ஓடியது. அரைமணி நேரம் நான் மூச்சு விட்டேன் என்று சொல்லலாம். 11.40-க்கு மழை வலுத்தது, ‘டக்.’ அறை அமைதியானது. ஓடித் தூக்கிவிட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் மறுபடி விழுந்தது. சமையலறைச் சுவர்தான் நனைந்திருக்கிறது என்று அதன் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூக்கினேன். அப்படியும் விழுந்தது. ஏன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை; நியூட்ரல் கம்பி வழியாகவும் கசியும் என்று பிறகு எலக்ட்ரீசியன் சொன்னார். மூன்றாவது முறை அவள் விரலில் கருவி 85 காட்டியது. பேச முடியாமல், கையை மட்டும் அசைத்தாள். அதற்கு அர்த்தம், போதும், பழைய இடத்துக்கே மாற்று.

மின்வெட்டுக்கு என்று ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மின்வெட்டில் ஓடியது போக, முள் கால்வாசிக்குக் கீழே நின்றது. நிரப்பும் கடை ஞாயிறு திறக்காது. ஒரு மணி நேரம் வருமோ என்னவோ. அதைத் தொட மனம் வரவில்லை.

12.20-க்கு மெசினைப் பதினோராவது பாயிண்டுக்கே திருப்பினேன். என் கையாலேயே.

அதன் பிறகு என்னால் செய்ய முடிந்தவற்றைச் செய்தேன். ஸ்டெபிலைசரை ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் ஏற்றி, அவள் கை எட்டாத மூலைக்கு நகர்த்தினேன். அதன்மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்க்கப் பார்த்து, சூடாகிவிடும் என்று எடுத்துவிட்டேன். இரும்புக் கட்டிலைச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளிப் போட்டேன். அவள் காலுக்கு ரப்பர் செருப்பு. எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக் கப். ஈரக்கையோடு எதையும் தொடாதே என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதையே சொன்னேன்.

“நான் கட்டில்லதான் இருக்கேன். காத்து அது தருது. அதத் தொடக் கூடாதுங்கிறீக. தொடாம எப்படிங்க? குழாய் மூக்குல இருக்கு.”

“குழாய் பிளாஸ்டிக். அதுல வராது.”

“அப்ப எதுலதான் வரும்?”

பதில் தெரியும். எர்த் இல்லாமல், ட்ரிப்பர் இல்லாமல், ஒரே ஒரு கம்பியின் தோல் உரிந்தாலும் அந்த இரும்புப் பெட்டியில் முழு மின்சாரமும் வந்து நிற்கும். யாராவது தொடும்வரை நிற்கும். இதை அவளிடம் சொல்லி என்ன ஆகும்? நாற்காலியைக் கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். அதைத்தவிர எனக்கு வேலை இல்லை.

3.00-க்கு மழை சற்று விட்டதும் நானே கம்பியைச் சேர்த்துவிடலாம் என்று போனேன். மெயினை அணைக்காமல் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது. அணைத்தால் மெசின் நிற்கும். இருந்தாலும் மண்ணை மட்டும் விலக்கிப் பார்ப்போம் என்று மரக்குச்சியால் கிளறினேன். குழிக்குள் சேற்றுத்தண்ணீர் ஊறி வந்தது. கன்றின் வேர்கள் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தன. அறுந்த முனை இரண்டும் தெரிந்தன. நடுவில் ஒரு சாண் இடைவெளி. குழாயின் போல்ட் துருவில் ஒரே கட்டியாக இருந்தது. கன்றைப் பிடுங்காமல் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

ஜன்னலில் இருந்து குரல் வந்தது. “பிடுங்கிறாதீக.”

“பிடுங்கித்தான் ஆகணும்.”

“மூணு மாசமா நான் வளத்தது. மழையில பிடுங்குனா வேர் அந்துரும். காலைல பாத்துக்கலாம்.”

குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். கோபம் வந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கன்றுக்காக அப்படிச் சொன்னாளா, நான் மழையில் நிற்பதைப் பார்த்துச் சொன்னாளா என்றும் தெரியவில்லை.

மாலையில் அவள் ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில், பழக்கத்தில், டம்ளரைத் தேடி மூலைப் பக்கம் கையை நீட்டினாள். எட்டாது என்று தெரிந்தும் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். திடுக்கிட்டு விழித்தவள், “பொத்தான அமுக்கிட்டீகளா?” என்று கேட்டாள். கேலி என்று பிறகுதான் உறைத்தது. 7.30-க்கு இட்லி. 8.00-க்குக் கருவியில் 91. டிக் போட்ட இடத்தை அடித்துவிட்டு, அதற்கு மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நாற்காலியிலேயே எப்போதோ தூங்கியிருக்கிறேன். நவம்பர் 6 காலை 5.12-க்கு, சத்தம் கேட்டு அல்ல, சத்தம் நின்று விழித்தேன். மெசின் ஓடவில்லை. கட்டில் காலி. குழாய் தலையணையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பதினோராவது பாயிண்டின் சுவிட்ச் மேலே இருந்தது. அவள்தான் அணைத்திருக்கிறாள்.

பின்கதவு திறந்திருந்தது. மழை இல்லை. குழி ஓரத்தில் ரப்பர் செருப்போடு குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் வாளி. தோசைக் கரண்டியால் கன்றைச் சுற்றி வட்டமாக மண்ணை அறுத்துக்கொண்டிருந்தாள். களைக்கொத்தைத் தொடவில்லை. கம்பிக்கு மின்சாரம் வராமல் இருக்கத்தான் சுவிட்சை அணைத்திருக்கிறாள்.

“எத்தன நிமிசம் ஆச்சு?” என்றேன்.

“நீங்க… மணி… பாக்காதீக.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. “அந்தாளு வந்தா… வெட்டி எறிஞ்சுருவாப்ல.”

நான் தோண்டுகிறேன் என்று கரண்டிக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. வாளியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி முகத்தால் காட்டினாள். பிடித்தேன். இரண்டு கையாலும் மண்கட்டியோடு கன்றைத் தூக்கி உள்ளே வைத்தாள். குழாயும் அறுந்த கம்பியும் வெளியே தெரிந்தன.

கட்டிலுக்குப் போக பதினாலு எட்டு. வழியில் இரண்டு முறை நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை. உதட்டின் நிறத்தை நான் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன். உட்கார வைத்து, குழாயை மூக்கில் மாட்டி, என் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்து, ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேனா என்று குனிந்து பார்த்துவிட்டு, 5.21-க்குப் பதினோராவது பாயிண்டின் சுவிட்சைப் போட்டேன்.